ஆல்பர்ட் நமட்ஜீரா

ஆல்பர்ட் நமட்ஜீரா (ஜூலை 28, 1902 – ஆகஸ்ட் 8, 1959) ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைநிலத்தைச் சேர்ந்த பழங்குடி ஓவியர் ஆவார். மேற்கு அரெண்டா இனத்தவரான இவர், தம் மக்களின் நிலமான மக்டொனல் மலைத்தொடரையும் அதன் பள்ளத்தாக்குகளையும் நீர்வண்ணத்தில் தீட்டிப் புகழ் பெற்றார். ஆஸ்திரேலியா முழுவதும் பெயர் அறியப்பட்ட முதல் பழங்குடி ஓவியர் இவரே. 1950களில் அந்நாட்டின் ஏராளமான வீடுகளின் சுவர்களில் இவரது ஓவியங்களின் அச்சுப்படிகள் தொங்கின. அதே காலத்தில் இவரால் தம் சொந்த மண்ணில் ஒரு வீடு கட்டிக்கொள்ள அனுமதி பெற முடியவில்லை. உறவினர் ஒருவருக்கு மது கிடைக்கச் செய்தார் என்பதற்காகத் தண்டிக்கப்பட்டு, விடுதலையான சில மாதங்களில் இறந்தார். இதனால் ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் உரிமை வரலாற்றிலும் இவருக்கு இடம் உண்டு.

ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியம் என்றவுடன் புள்ளிகளால் நிரப்பப்பட்ட பாலைநில ஓவியங்களே பலருக்கும் நினைவுக்கு வரும். நமட்ஜீரா அவ்வகை ஓவியர் அல்லர். புள்ளி ஓவிய இயக்கம் இவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே தோன்றியது. மேலைநாட்டு நிலக்காட்சி ஓவியம் போலவே தோன்றும் இவரது படைப்புகளை எவ்வாறு புரிந்துகொள்வது என்பது நெடுங்காலம் விவாதத்துக்கு உள்ளாகியிருந்தது.

பிறப்பும் இளமையும்

நமட்ஜீரா 1902 ஆம் ஆண்டு ஜூலை 28 ஆம் நாள் வட ஆட்புலத்திலுள்ள ஹெர்மான்ஸ்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு மேற்கே சுமார் 125 கிலோமீட்டர் தொலைவில், ஃபிங்க் ஆற்றின் கரையில் அமைந்துள்ள இவ்வூரை அரெண்டா மக்கள் 'இன்டாரியா' என அழைப்பர். ஜெர்மானிய லூத்தரன் சமயப் பரப்பாளர்கள் 1877 இல் இங்கு வந்து மிஷன் ஒன்றை நிறுவி, தங்கள் நாட்டிலுள்ள ஓர் ஊரின் பெயரையே இதற்கும் இட்டனர்.

பெற்றோர் இவருக்கு இட்ட பெயர் எலேயா. தந்தையார் பெயர் நமட்ஜீரா. தாயார் பெயர் லியுகுட்டா. 1905 இல் குடும்பத்தினர் லூத்தரன் திருச்சபையில் சேர்க்கப்பட்டபோது தந்தை ஜோனத்தன் என்றும், தாய் எமிலியா என்றும், சிறுவன் ஆல்பர்ட் என்றும் பெயர் பெற்றனர். அரெண்டா மக்களிடையே குடும்பப் பெயர் என்னும் வழக்கம் கிடையாது. தொடக்கத்தில் ஓவியங்களில் 'ஆல்பர்ட்' என்று மட்டுமே கையெழுத்திட்ட இவர், பின்னரே தந்தையின் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

மிஷனின் வழக்கப்படி சிறுவர்கள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு விடுதியில் வளர்க்கப்பட்டனர். ஆல்பர்ட்டும் அவ்வாறே வளர்ந்து மிஷன் பள்ளியில் கற்றார். எனினும், தம் 13 ஆம் வயதில் ஆறு மாதங்கள் மிஷனை விட்டு நீங்கிப் பெரியோருடன் காட்டுவெளியில் தங்கி, ஆண்மகனாக ஏற்கப்படுவதற்குரிய குலச் சடங்குகளை முடித்தார். எந்த மலை எந்த மூதாதையருக்கு உரியது, எந்தச் சுனையை யார் காக்க வேண்டும் என்ற அறிவு அரெண்டா மரபில் இவ்வாறே அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கப்படுகிறது. பிற்காலத்தில் இவர் தீட்டிய இடங்களைப் பற்றிப் பேசும்போது இதனை மறந்துவிடலாகாது.

18 ஆம் வயதில் குக்கட்ஜா இனத்தைச் சேர்ந்த இல்கலிட்டா என்னும் பெண்ணை மணந்தார். அது குல முறைக்கு ஒவ்வாத திருமணமாகக் கருதப்பட்டதால், இருவரும் சில ஆண்டுகள் ஊரை விட்டு விலகி வாழ நேர்ந்தது. அக்காலத்தில் நமட்ஜீரா ஒட்டகம் ஓட்டியும் மாட்டுப் பண்ணைகளில் வேலை செய்தும் பிழைத்தார். (நடு ஆஸ்திரேலியாவின் ஒட்டகங்கள், 19 ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய இந்தியாவின் வடமேற்குப் பகுதிகளிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் அவற்றை ஓட்டுவோருடன் கொண்டுவரப்பட்டவையாகும்.) 1923 இல் குடும்பம் ஹெர்மான்ஸ்பர்க்குக்குத் திரும்பியது. இல்கலிட்டா திருமுழுக்குப் பெற்று ரூபினா என்னும் பெயர் கொண்டார். இவர்களுடைய பிள்ளைகளில் ஈனோஸ், ஆஸ்கர், ஈவால்ட், கீத், மாரிஸ் என்னும் ஐந்து ஆண்களும் மூன்று பெண்களும் குழந்தைப் பருவத்தைக் கடந்து வாழ்ந்தனர். ஐந்து மகன்களும் பின்னாளில் ஓவியர்களாயினர்.

கைவினையிலிருந்து ஓவியத்துக்கு

1920களின் பிற்பகுதியில் நடு ஆஸ்திரேலியாவைக் கடும் வறட்சி வாட்டியது. காய்கறியும் பழமும் இன்றி ஸ்கர்வி நோய் பரவியது. ஹெர்மான்ஸ்பர்க்கில் பலர், குறிப்பாகக் குழந்தைகள், மடிந்தனர். அப்போது மிஷனின் பொறுப்பாளராக இருந்த பாதிரியார் ஃப்ரீட்ரிஷ் ஆல்பிரெக்ட், மக்கள் பண்ணை வேலையை மட்டும் நம்பியிராமல் கைத்தொழில் ஒன்றையும் கற்க வேண்டும் என்று முயன்றார். 1929 இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குத் தொடர்வண்டிப் பாதை வந்து சேர்ந்தது. சுற்றுலாப் பயணிகளும் வரத் தொடங்கினர். அவர்களுக்கு விற்பதற்காக, முல்கா எனப்படும் வேல இன மரத்தின் பலகைகளில் சூடேற்றிய கம்பியால் உருவங்களைச் சுட்டு வரையும் கைவினை வளர்ந்தது. பூமராங்குகள், ஈட்டி எறிகோல்கள், சுவர்ப் பலகைகள் முதலியவை இவ்வாறு செய்யப்பட்டன. கொல்லராகவும் தச்சராகவும் மாடு மேய்ப்பவராகவும் வேலை செய்துவந்த நமட்ஜீரா இதிலும் தேர்ச்சி பெற்றார்.

1934 இல் மெல்பேர்னைச் சேர்ந்த ஓவியர்கள் ரெக்ஸ் பாட்டர்பீ, ஜான் கார்ட்னர் ஆகிய இருவரும் தாங்கள் அப்பகுதியில் தீட்டிய ஓவியங்களை ஹெர்மான்ஸ்பர்க்கில் காட்சிக்கு வைத்தனர். தாங்கள் நாள்தோறும் காணும் மலைகளும் மரங்களும் தாளில் இருப்பதை அவ்வூர் மக்கள் முதன்முறையாகக் கண்டனர். தானும் இதனைக் கற்க வேண்டும் என்ற ஆவல் நமட்ஜீராவுக்கு எழுந்தது. ஆர்வம் மட்டுமன்றி, பெரிய குடும்பத்தைக் காக்க ஒரு வழி கிடைக்கும் என்ற எண்ணமும் அதில் இருந்தது.

பாட்டர்பீ 1936 இல் மீண்டும் வந்தார். முதல் உலகப் போரில் கடுமையாகக் காயமுற்று, ஒரு கை வழங்காத நிலையில் ஓவியத் துறைக்கு வந்தவர் அவர். நமட்ஜீரா ஒட்டகங்களை ஓட்டி வழிகாட்டுவது, பதிலுக்குப் பாட்டர்பீ ஓவியம் கற்றுத்தருவது என்ற ஏற்பாட்டில், பாம் பள்ளத்தாக்குக்கும் மக்டொனல் மலைகளுக்கும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மாத அளவிலான இரு பயணங்களை இருவரும் மேற்கொண்டனர். நமட்ஜீரா பெற்ற முறையான பயிற்சி பெரும்பாலும் அவ்வளவே. வண்ணங்களைக் கையாள்வதில் அவர் காட்டிய திறன் பாட்டர்பீயை வியக்கவைத்தது. இந்த இருவரின் உறவு ஆசிரியர் மாணவர் என்ற அளவில் நிற்கவில்லை. இடங்களைத் தேர்ந்து காட்டியவர் நமட்ஜீராவே. அந்நிலத்தைப் பொறுத்தவரை பாட்டர்பீதான் மாணவர்.

1937 இல் ஆல்பிரெக்ட், தெற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த லூத்தரன் மாநாடு ஒன்றில் நமட்ஜீராவின் பத்து ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அவ்வாண்டே அடிலெய்டில் நடந்த தம் கண்காட்சியில் பாட்டர்பீ நமட்ஜீராவின் மூன்று ஓவியங்களையும் சேர்த்துக்கொண்டார். 1938 இல் நமட்ஜீராவின் முதல் தனிக் கண்காட்சி மெல்பேர்னில் நடைபெற்றது. விக்டோரியா மாநில ஆளுநரின் துணைவியார் அதனைத் திறந்து வைத்தார். அங்கு வைக்கப்பட்ட 41 ஓவியங்களும் விற்றுப்போயின. 1939 இல் தெற்கு ஆஸ்திரேலிய கலைக்கூடம் ஹாஸ்ட்ஸ் பிளஃப் மலையைச் சித்திரிக்கும் இவரது ஓவியம் ஒன்றை வாங்கியது. பொதுக் கலைக்கூடம் ஒன்று இவரது படைப்பை வாங்கியது அதுவே முதன்முறை. அதன் பின் சிட்னி, அடிலெய்ட், மெல்பேர்ன் நகரங்களில் நடந்த கண்காட்சிகளிலும் ஓவியங்கள் விரைவாக விற்பனையாயின.

ஓவிய முறை

நமட்ஜீரா பெரும்பாலும் தாளில் நீர்வண்ணம் கொண்டு தீட்டினார். தம் வாழ்நாளில் ஏறத்தாழ 2000 ஓவியங்களை வரைந்திருப்பார் எனக் கணிக்கப்படுகிறது. சாண்டர் மலை, ஹெர்மான்ஸ்பர்க் மலை, பாம் பள்ளத்தாக்கு, கிளென் ஹெலன் மலையிடுக்கு, ஃபிங்க் ஆற்றுப்படுகை, ஹாஸ்ட்ஸ் பிளஃப் ஆகிய இடங்கள் இவரது ஓவியங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரே மலையைக் காலையிலும் மாலையிலும், மழைக்குப் பின்னும் கோடையிலுமாகப் பலமுறை தீட்டியுள்ளார்.

பலரும் அறிந்த ஓவியங்களில் முன்னணியில் வெண்ணிறப் பட்டை கொண்ட யூக்கலிப்டஸ் மரம் ஒன்று நிற்கும். 'கோஸ்ட் கம்' எனப்படும் இம்மரத்தின் அடிப்பகுதி தாளின் ஓரத்தை ஒட்டி, சட்டகம் போல எழும்பும். அதன் பின்னே காய்ந்த புல்வெளியின் மஞ்சளும் செம்மண்ணும், அவற்றுக்கும் பின்னே ஊதாவும் நீலமுமான மலைகளும் இருக்கும். இவ்வண்ணங்கள் மிகைப்படுத்தப்பட்டவை என்று தென்கிழக்குக் கடற்கரை நகரங்களில் வாழ்ந்த சிலர் கருதினர். மக்டொனல் மலைகளைப் பொழுது சாயும் வேளையில் பார்த்தவர்கள் அவ்வாறு சொல்வதில்லை.

மரத்தை இவர் தீட்டும் முறை தனித்துக் கருதத்தக்கது. பட்டையின் சுருக்கங்கள், முறிந்த கிளைகளின் முண்டுகள், வேர் மண்ணைப் பற்றியிருக்கும் விதம் ஆகியன ஒரு மனிதரின் முகத்தைத் தீட்டும் கவனத்தோடு தீட்டப்பட்டிருக்கும். மலைகளும் அவ்வாறே. தொலைவில் உள்ளது மங்கலாகத் தெரிய வேண்டும் என்னும் மேலைநாட்டு மரபை இவர் பல ஓவியங்களில் பின்பற்றவில்லை. தொலைமலையின் பாறை மடிப்புகளும் அருகிலுள்ள கற்களைப் போலவே தெளிவாக இருக்கும். அந்த மடிப்பு ஒவ்வொன்றும் மூதாதையரின் செயலால் உருவானது என்பது அரெண்டா மக்களின் நம்பிக்கை. எனவே அவற்றுள் எதையும் 'பின்னணி' என ஒதுக்கிவிட முடியாது.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அருகே நின்றிருந்த 'இரட்டைக் கோஸ்ட் கம்' மரங்கள் இவரது ஓவியங்களோடு தொடர்புபடுத்தப்பட்டுப் பலர் சென்று காணும் இடமாக இருந்தன. அவற்றை மரபுரிமைச் சின்னமாகப் பட்டியலிடும் வேலை நடந்துகொண்டிருந்த நிலையில், 2013 ஜனவரியில் தீக்கிரையான நிலையில் காணப்பட்டன.

புகழும் அதன் விலையும்

1944 இல் ஆஸ்திரேலியாவின் குறிப்பிடத்தக்கோர் பட்டியல் நூலான 'ஹூ இஸ் ஹூ'வில் இவர் பெயர் இடம்பெற்றது. அந்நூலில் இடம்பெற்ற முதல் பழங்குடி மனிதர் இவரே. அவ்வாண்டிலேயே ஹெர்மான்ஸ்பர்க்குக்கு அருகில் தமக்கென ஒரு சிறு வீட்டைக் கட்டினார். 1953 இல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாப் பதக்கம் வழங்கப்பட்டது. 1954 இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்த அரசியாரைக் கான்பெராவில் சந்தித்தார். 1955 இல் நியூ சவுத் வேல்ஸ் அரச ஓவியர் சங்கம் இவரைக் கௌரவ உறுப்பினராக்கியது. வில்லியம் டார்கி தீட்டிய நமட்ஜீராவின் உருவப்படம் 1956 ஆம் ஆண்டின் ஆர்ச்சிபால்ட் பரிசைப் பெற்றது.

இப்புகழுக்கு நடுவே இவரது சட்டநிலை என்னவாக இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. வருமானம் மிகுந்தபோது அரசு இவரிடம் வருமான வரி வசூலித்தது. ஆனால் மாடு வளர்ப்பதற்கு மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டபோது கிடைக்கவில்லை. 1951 இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வீடு கட்ட அனுமதி கோரினார். பழங்குடியினர் என்பதால் அதுவும் மறுக்கப்பட்டது. எனவே, ஓவியங்கள் வாங்குவோரும் பத்திரிகையாளரும் தேடிவந்த இம்மனிதர், நகரின் ஓரத்திலிருந்த மோரிஸ் சோக் என்னும் முகாமில் குடிசையில் வாழ்ந்தார்.

வருவாயை இவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. கிடைப்பதை உறவினரோடு பகிர்ந்துகொள்வது அரெண்டா சமூகத்தில் விருப்பத்தைப் பொறுத்த தருமம் அன்று, கடமை. நூற்றுக்கணக்கானோர் இவரது வருவாயை நம்பியிருந்தனர் என்று சொல்லப்படுகிறது. இதனை ஊதாரித்தனம் என அன்றைய செய்தித்தாள்கள் சில எழுதின. பகிராமல் இருந்திருந்தால் தம் மக்களிடையே அவர் தலைநிமிர்ந்து நடந்திருக்க முடியாது என்பதை அவை உணரவில்லை.

'குடியுரிமை' என்பதன் பொருள்

நமட்ஜீராவைப் பற்றிய பல குறிப்புகளில் '1957 இல் ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்ற முதல் பழங்குடி மனிதர்' என்று காணப்படும். இது சரியான விவரம் அன்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின்படி, ஆஸ்திரேலியாவில் பிறந்த பழங்குடி மக்களும் பெயரளவில் அந்நாட்டின் குடிமக்களே. ஆனால் மாநில, ஆட்புலச் சட்டங்கள் குடிமகனுக்குரிய உரிமைகளுள் பெரும்பாலானவற்றை அவர்களிடமிருந்து விலக்கி வைத்திருந்தன.

வட ஆட்புலத்தில் 1953 ஆம் ஆண்டின் நலச் சட்டம், சிறுவர்களைப் போலப் பிறரின் காப்பில் வைக்கப்பட வேண்டியோர் என்று சிலரை அறிவிக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. சட்டத்தின் வாசகத்தில் இனம் பற்றிய சொல் எதுவும் இல்லை. வாக்குரிமை பெற்றிருப்போரை அவ்வாறு அறிவிக்க முடியாது என்று மட்டும் இருந்தது. வாக்குரிமை இல்லாதவர்கள் பழங்குடி மக்களே. 1957 இல் காப்புக்குரியோரின் பதிவேடு வெளியிடப்பட்டபோது, ஆட்புலத்தின் பழங்குடி மக்கள் 15,000 க்கும் மேற்பட்டோர் அதில் பெயர் பெற்றிருந்தனர். எங்கே வாழ்வது, யாரை மணப்பது, சொத்தை எவ்வாறு கையாள்வது என்பனவற்றில் அவர்கள் அதிகாரிகளின் அனுமதியை எதிர்பார்க்க வேண்டும். மது அருந்துவதும் அவர்களுக்குத் தடை செய்யப்பட்டிருந்தது.

அந்தப் பதிவேட்டில் நமட்ஜீரா, ரூபினா ஆகியோரின் பெயர்கள் சேர்க்கப்படாமல் விடப்பட்டன. செய்தித்தாள்கள் 'குடியுரிமை' என்று எழுதியது இதைத்தான். இனி அவர் வாக்களிக்கலாம், வீடு கட்டலாம், மது வாங்கலாம். ஆனால் அவருடைய பிள்ளைகளும் உறவினரும் பதிவேட்டிலேயே இருந்தனர். உணவைப் பகிர்வது போல மதுவையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றது குல வழக்கம். பகிர்ந்தால் சிறை என்றது சட்டம்.

வழக்கும் தண்டனையும்

1958 இல் மோரிஸ் சோக் முகாமில் இளம்பெண் ஒருவர் கொலையுண்டார். அங்கு மது கொண்டுவரப்பட்டது பற்றி, இறப்பு விசாரணை நடத்திய அதிகாரி நமட்ஜீராவைக் கண்டித்தார். இதையடுத்துக் காவல்துறையினரின் பார்வை அவர் மேல் விழுந்தது. சில வாரங்களில், உறவினரும் ஹெர்மான்ஸ்பர்க் ஓவியருமான ஹெனோக் ரபெரபாவுக்கு மது கிடைக்கச் செய்தார் என்று வழக்குத் தொடரப்பட்டது. ரபெரபா எடுத்துக்கொள்ளத்தக்க வகையில் ரம் போத்தலை வண்டியின் இருக்கையில் விட்டுவைத்தார் என்பதே குற்றச்சாட்டு. 1958 அக்டோபரில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நீதிமன்றம் ஆறு மாதக் கடுங்காவல் விதித்தது.

இத்தீர்ப்பு நாடெங்கும் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. வட ஆட்புல உச்ச நீதிமன்றத்தில் நடந்த மேல்முறையீட்டில் தண்டனை மூன்று மாதங்களாகக் குறைக்கப்பட்டது. பின்னர் வழக்கு, ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றமாகிய உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியே ஆராயாமல், அவர்களின் தரப்பையும் கேட்காமல், ஆயிரக்கணக்கானோரை ஒரே அறிவிப்பின் மூலம் காப்புக்குரியோராக அறிவித்தது செல்லாது என்றும், எனவே ரபெரபா சட்டப்படி காப்புக்குரியவரே அல்லர் என்றும் நமட்ஜீராவின் வழக்கறிஞர்கள் வாதிட்டனர். வாதம் வென்றிருந்தால் பதிவேடே ஆட்டம் கண்டிருக்கும். 1959 மார்ச்சில் நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது.

ஆட்புலங்களுக்கான அமைச்சர் பால் ஹாஸ்லக், சிறைக்குப் பதிலாகப் பழங்குடிக் குடியேற்றம் ஒன்றில் தண்டனைக் காலத்தைக் கழிக்க ஏற்பாடு செய்தார். அதன்படி ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கேயுள்ள பப்பன்யாவில் நமட்ஜீரா சுமார் இரண்டு மாதங்கள் வைக்கப்பட்டு, 1959 மே மாதம் விடுவிக்கப்பட்டார். விடுதலைக்குப் பின் அவரிடம் ஓவியத்தில் நாட்டம் குறைந்தது. இதய நோயும் நிமோனியாவும் தாக்கி, 1959 ஆகஸ்ட் 8 ஆம் நாள் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் மருத்துவமனையில் 57 ஆம் வயதில் காலமானார். உடல் லூத்தரன் முறைப்படி அந்நகரின் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது.

பழங்குடி மக்கள் அனைவருக்கும் கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமை 1962 இல் கிடைத்தது. வட ஆட்புலத்தின் நலச் சட்டம் 1964 இல் நீக்கப்பட்டது. அதற்கு இவரது வழக்கு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. எனினும், பழங்குடிச் சட்டங்களைப் பற்றி ஒருபோதும் எண்ணிப் பார்த்திராத நகரவாசிகள், தங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய படத்தின் ஓவியர் வழியாகவே அவற்றை முதலில் அறிந்தனர்.

ஹெர்மான்ஸ்பர்க் பாணி

நமட்ஜீராவைக் கண்டு அவருடைய மகன்களும் உறவினரும் தூரிகையை எடுத்தனர். ஓட்டோ, ரூபன், எட்வின் பரரூல்ஜா சகோதரர்கள், வால்ட்டர் எபடரிஞ்ஜா, ரபெரபா முதலியோர் இவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். கோர்டுலா எபடரிஞ்ஜா இப்பாணியில் பெயர்பெற்ற பெண் ஓவியர். ஓட்டோ பரரூல்ஜாவின் மலைகள் அலையலையான கோடுகளாக நெளிந்தோடும். நமட்ஜீராவின் அமைதி அவற்றில் இராது. இவர்களை 'ஹெர்மான்ஸ்பர்க் குழுவினர்' என ஒரே பெயரில் அழைத்தாலும் ஒருவர் கைவண்ணம் மற்றவருடையது போல் இருப்பதில்லை.

நமட்ஜீரா தண்டனைக் காலத்தைக் கழித்த அதே பப்பன்யாவில் 1971 இல், பள்ளி ஆசிரியர் ஜெஃப்ரி பார்டனின் ஊக்கத்தால், முதியோர் சிலர் மணலிலும் உடலிலும் வரைந்துவந்த மரபுக் குறிகளை அக்ரிலிக் வண்ணத்தில் தீட்டத் தொடங்கினர். 1972 இல் 'பப்பன்யா தூலா' என்னும் ஓவியர் நிறுவனம் அமைந்தது. இன்று உலகறிந்த புள்ளி ஓவியம் அங்கிருந்து பரவியதே. ஓவியம் தீட்டி ஒரு பழங்குடி மனிதர் வாழ முடியும் என்பதை அப்பகுதியினர் நமட்ஜீராவிடம் முன்னரே கண்டிருந்தனர்.

மதிப்பீடு

வாழ்ந்த காலத்தில் பொதுமக்கள் இவரைக் கொண்டாடிய அளவுக்குக் கலைத் திறனாய்வாளர்கள் கொண்டாடவில்லை. வெள்ளையரின் பாணியைத் திறம்படப் பின்பற்றியவர் என்பதே அவர்களுள் பலரது கருத்து. பழங்குடி மக்களை வெள்ளையர் சமூகத்தோடு கலந்துவிடச் செய்யும் கொள்கைக்கு இவரை எடுத்துக்காட்டாகக் காட்டிய அரசும் இதே நோக்கிலேயே பார்த்தது. பின்னர் பப்பன்யா ஓவியங்கள் 'உண்மையான' பழங்குடிக் கலை எனப் போற்றப்பட்டபோது நமட்ஜீரா மேலும் பின்னுக்குத் தள்ளப்பட்டார். ஒரு காலத்தில் வெள்ளையரைப் போல் தீட்டினார் என்று பாராட்டியதும், பின்னர் அதையே குறையாகச் சொன்னதும் ஒரே தவறான எண்ணத்தின் இரு பக்கங்களாகும்.

1980களுக்குப் பின் இந்நிலை மாறியது. இவர் தீட்டிய இடங்கள் கண்ணுக்கு அழகானவை என்பதற்காக மட்டும் தெரிந்தெடுக்கப்பட்டவை அல்ல என்பதையும், அவை தாய்வழியிலும் தந்தைவழியிலும் இவருக்கு உரிமையும் கடமையும் இருந்த நிலங்கள் என்பதையும் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். இவர் பிறந்த நூற்றாண்டு நிறைவையொட்டி 2002 இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் நடத்திய கண்காட்சி பல நகரங்களுக்கும் சென்றது.

பதிப்புரிமைச் சிக்கல்

1957 இல் நமட்ஜீரா லெஜண்ட் பிரஸ் என்னும் பதிப்பகத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஓவியங்களை அச்சிடும் உரிமை அப்பதிப்பகத்துக்கும், வருவாயில் எட்டில் ஒரு பங்கு ஓவியருக்கும் என்பது ஏற்பாடு. இறப்புக்குப் பின் அவரது உடைமைகள் வட ஆட்புல அரசின் பொது அறங்காவலர் பொறுப்பில் வந்தன. 1983 இல் பொது அறங்காவலர், குடும்பத்தினரைக் கலந்துகொள்ளாமல், பதிப்புரிமையை 8,500 டாலருக்கு அதே பதிப்பகத்துக்கு விற்றுவிட்டார். அதன் பின் அச்சுப்படிகளால் கிடைத்த வருவாயில் குடும்பத்துக்குப் பங்கு இல்லை.

பழைய சட்டப்படி இப்பதிப்புரிமை 2009 ஆம் ஆண்டு முடிவில் காலாவதியாகியிருக்கும். ஓவியர் இறந்தபின் 50 ஆண்டுகள் என்பது அன்றைய கணக்கு. அமெரிக்காவுடனான வணிக உடன்பாட்டையொட்டி அக்காலம் 70 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டதால் 2029 இறுதிவரை உரிமை நீடிக்கிறது. பேரப்பிள்ளைகள் பல ஆண்டுகள் போராடினர். இவரது வாழ்வைப் பற்றிய மேடை நாடகம் ஒன்று 2010 முதல் பல ஊர்களில் நடிக்கப்பட்டு இச்செய்தியைப் பரப்பியது. 2017 இல் தொழிலதிபர் டிக் ஸ்மித்தின் முயற்சியால், பதிப்பகம் ஒரு டாலர் விலைக்கு உரிமையை நமட்ஜீரா மரபு அறக்கட்டளைக்கு மாற்றிக்கொடுத்தது. ஸ்மித் அறக்கட்டளைக்கு 2,50,000 டாலர் நன்கொடை அளித்தார். 1983 இல் நடந்த விற்பனைக்காக வட ஆட்புல அரசு 2018 இல் குடும்பத்துக்கு இழப்பீடு வழங்கியது. தொகை வெளியிடப்படவில்லை.

வழித்தோன்றல்களும் நினைவுகளும்

1968 இல் ஆஸ்திரேலிய அஞ்சல்துறை இவரது உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது. கான்பெராவில் ஒரு நெடுஞ்சாலையும், வட ஆட்புலச் சட்டமன்றத்தின் ஒரு தொகுதியும் இவர் பெயரைப் பெற்றுள்ளன. ஹெர்மான்ஸ்பர்க் அருகே இவர் கட்டிய வீடு பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலுள்ள இல்ஜா இன்ஜாரா கலை மையத்தில் இவரது உறவினரும் வழித்தோன்றல்களும் நீர்வண்ணத்தில் அதே மலைகளைத் தொடர்ந்து தீட்டி வருகின்றனர்.

கொள்ளுப்பேரர் வின்சென்ட் நமட்ஜீரா (பிறப்பு 1983) அக்ரிலிக் வண்ணத்தில் உருவப்படங்கள் தீட்டுபவர். சிறுவயதில் தாயை இழந்து மேற்கு ஆஸ்திரேலியாவில் வளர்ப்புக் குடும்பங்களில் வளர்ந்த அவர், பதின்பருவத்தின் முடிவிலேயே தம் உறவினரைத் தேடி ஹெர்மான்ஸ்பர்க்குக்கு வந்து சேர்ந்தார். பிரித்தானிய அரச குடும்பத்தினர், ஆஸ்திரேலியப் பிரதமர்கள், கோடீசுவரர்கள் ஆகியோரோடு தம்மையும் கொள்ளுத்தாத்தாவையும் ஒரே படத்தில் நிறுத்தி எள்ளலோடு தீட்டுவது அவரது வழக்கம். பழங்குடிக் காற்பந்து வீரர் ஆடம் குட்ஸுடன் தாம் நிற்பதாகத் தீட்டிய ஓவியத்துக்காக 2020 ஆம் ஆண்டின் ஆர்ச்சிபால்ட் பரிசை வென்றார். 1921 முதல் வழங்கப்பட்டு வரும் அப்பரிசைப் பழங்குடி ஓவியர் ஒருவர் பெற்றது அதுவே முதன்முறை.